வீடு திரும்பிய பிறகு

டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பட்டியலுக்கும் மறுபரிசோதனைத் தேதிக்கும் நடுவே ஒரு வரி இருக்கும்: பிசியோதெரபி தொடரவும். யார் செய்வது, எத்தனை நாள், எதற்காக என்பதெல்லாம் அதில் இருக்காது. நின்று கேட்கலாம் என்றால் பின்னால் பத்துப் பேர் காத்திருப்பார்கள். ஆம்புலன்ஸ் ஊருக்கு வந்து, நாலு பேர் சேர்ந்து தூக்கிக் கட்டிலில் கிடத்தி, பார்க்க வந்த சொந்தக்காரர்களும் கிளம்பிப் போன பிறகுதான் அந்த வரி எவ்வளவு பெரிய வேலை என்று புரியும். இந்த அத்தியாயம் அந்த வேலையைப் பற்றியது.

பக்கவாதம் வந்தவர், தண்டுவடத்தில் அடிபட்டவர், இடுப்பெலும்பு முறிந்த முதியவர் ஆகிய மூவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். தென்காசி வட்டாரத்தில் வீட்டுக் கட்டிலில் நீண்ட நாள் கிடப்பவர்களில் பெரும்பாலோர் இந்த மூவகையில் அடங்குவார்கள்.

எந்த வேலைக்காக?

பக்கவாதத்துக்கு மருந்து கொடுக்கும் மருத்துவர், மூளையில் அடுத்த அடைப்பு வராமல் பார்த்துக்கொள்கிறார். மறுவாழ்வு மருத்துவம் தொடங்கும் கேள்வி வேறு: போன மாதம் வரை இவர் என்ன வேலை செய்தார், இனி எதைச் செய்தாக வேண்டும்?

பாவூர்சத்திரத்துப் பக்கம் பீடி சுற்றும் ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். வலது பக்கம் விழுந்துவிட்டது. “கை எப்ப சரியாகும்?” என்று வீட்டார் கேட்பார்கள். அதற்கு யாராலும் நாள் குறித்துச் சொல்ல முடியாது. அதே கேள்வியைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கேளுங்கள். சாயாமல் ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார முடிகிறதா? இலையை இடது கை பிடித்துக்கொண்டால் வலது கைக் கட்டைவிரல் உருட்டித் தருமா? தட்டை மடியில் வைக்காமல் மேசையில் வைத்தால் எட்டுமா? இலை வெட்டும் வேலையை மகள் எடுத்துக்கொண்டால் மற்றதை அம்மா செய்வாரா? இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயிற்சி உண்டு, தனித்தனியாக விடையும் கிடைக்கும். பழைய வேகம் திரும்பாமல் போகலாம். ஆனால் கடைக்குப் போகும் பீடிக் கட்டுகளில் அவர் சுற்றியதும் இருக்கும். (புகையிலைத் தூளோடு நாள் முழுக்க உட்காருவது நல்லதா என்பது தனிக் கேள்வி. அந்த வருமானத்தை நம்பி அடுப்பு எரியும் வீட்டில் அதை முதல் நாளே பேசிப் பயனில்லை.)

ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வது ஊர் வழக்கம். பக்கவாதம் வந்த கையில் மடக்கும் தசைகள் போகப்போக இறுகும் தன்மை உடையவை, அதனால் விரல்களை விரிக்கும் பயிற்சிதான் முக்கியம். டம்ளரைப் பிடித்து விடுவது, துணியை மேசையில் தடவி விரிப்பது, வெங்காயத்தோலை எடுத்துப் போடுவது போன்றவற்றில் பலன் அதிகம். எந்த வேலை திரும்ப வேண்டுமோ அந்த வேலையையே பயிற்சியாக்குவதுதான் அடிப்படை.

கருவி செய்பவர்களும் இதே கேள்வியில்தான் தொடங்க வேண்டும். 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரில் மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கிய செயற்கைப் பாதம் நாடெங்கும் பரவியது. அதைப் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் நடக்கலாம், சம்மணமிடலாம், வயலில் இறங்கலாம். அதற்கு முன் கிடைத்த வெளிநாட்டுக் கால்கள் ஷூ போடுகிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை.

ஆகவே பிசியோ முதல் நாள் வரும்போது, நோயாளியையே கேட்டு ஒரு தாளில் இரண்டே இலக்குகள் எழுதிக் கொடுங்கள். ‘நடக்க வேண்டும்’ என்று எழுதாதீர்கள். ‘புறவாசல் கக்கூஸுக்குத் தானே போய் வர வேண்டும்’ என்று எழுதுங்கள். எத்தனை அடி, எத்தனை படி, எங்கே பிடிமானம் என்று கணக்குப் போட அப்போதுதான் முடியும்.

ஆய்க்குடி

தென்காசிக்காரர்களுக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் வேண்டாம். ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்திறன் சோதனையில் விழுந்து கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டார். கழுத்துக்குக் கீழே உடம்பு அவர் சொல் கேட்கவில்லை. புனேயின் ராணுவ மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சையளித்த அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான், 1981இல் சொந்த ஊரில் தொடங்கிய அமைப்புக்கு வைத்தார்: அமர் சேவா சங்கம். ஐக்கிய நாடுகள் சபை ஊனமுற்றோருக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்திருந்த ஆண்டு அது. தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலிக்கு வந்த பட்டயக் கணக்காளர் எஸ். சங்கர ராமன் 1992இல் அவரோடு சேர்ந்தார். இன்று அங்கே தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவு, சிறப்புப் பள்ளி, காலைத் தாங்கும் கேலிப்பர் செய்யும் பட்டறை எல்லாம் இருக்கின்றன. வளர்ச்சி தாமதமான குழந்தைகளைத் தேடி ஊர் ஊராகப் போகும் பணியாளர்களும் இருக்கிறார்கள். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

அவர் எழுந்து நடக்கவில்லை. ‘நடந்துவிட்டாரா?’ என்பதை மட்டுமே அளவுகோலாக வைத்திருக்கும் குடும்பங்கள் ஒருமுறை ஆய்க்குடி வரை போய்ப் பார்த்துவிட்டு வருவது, இன்னொரு ஸ்கேன் எடுப்பதைவிட உபயோகமானது என்பது என் எண்ணம்.

வேலூரிலும் இப்படித்தான் தொடங்கியது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். அங்கே அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் சீர்செய்துகொண்டிருந்த காலம் அது. கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம் என்பதால், மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை அரங்குக்குள் திரும்பினார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்றுவந்து, 1960களில் வேலூரில் அதற்கென்று துறையையும், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையத்தையும் உருவாக்கினார்.

தோலும் சிறுநீரும்

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு தண்டுவடம் அறுந்தவர்களில் பெரும்பாலோர் விரைவிலேயே இறந்துபோனார்கள். அவர்களைக் கொன்றவை படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் இரவும் பகலும் நோயாளிகளைத் திருப்பிப் படுக்கவைக்கச் சொன்னார், சிறுநீர்ப்பையைச் சுத்தமாக வடிக்கும் ஒழுங்கைக் கொண்டுவந்தார், விளையாடவும் வைத்தார். 1948இல் அவர் அங்கே நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பின்னாளில் பாராலிம்பிக் ஆனது. பதக்கக் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. திருப்பிப் படுக்கவைத்த கதையைத்தான் வீட்டில் நாம் பின்பற்ற வேண்டும்.

உணர்ச்சி இல்லாத உடம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். இடது பக்கம், மல்லாந்து, வலது பக்கம். இரவிலும்தான். வீட்டில் இருவர் முறை வைத்துக்கொண்டு செல்போனில் அலாரம் வையுங்கள். காற்றுப்படுக்கை வாங்கினால் திருப்ப வேண்டாம் என்று கடைக்காரர் சொல்வார், நம்பாதீர்கள். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையமும் வேண்டாம், அது சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை அமுக்கும். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். தினம் ஒருமுறை முதுகின் அடி, பிட்டம், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால் ஆகியவற்றைப் பாருங்கள். தானே பார்க்க விரும்புகிறவருக்கு ஒரு கைக்கண்ணாடி போதும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்காமல் சிவந்தே இருந்தால் அது புண்ணின் தொடக்கம், அந்தப் பக்கத்தில் படுக்கவிடக் கூடாது. கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கல்லுப்போலவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் கால்மணியிலிருந்து அரைமணிக்கு ஒருமுறை கையூன்றி எழும்ப வேண்டும், அல்லது முன்னால் குனிந்து ஓரிரு நிமிடம் அப்படியே இருக்க வேண்டும்.

சிறுநீர் விஷயத்தில் வெட்கம்தான் முதல் எதிரி. பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். அதனால் தொற்றும் கல்லும்தான் வரும். நிரந்தரமாக ஒரு குழாயை வைத்துவிட்டு மறந்துபோவதைவிட, நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான கதீட்டரைப் போட்டு வடித்து எடுத்துவிடுவது சிறுநீரகத்துக்கு நல்லது. கை வேலை செய்கிறவர் இதைத் தானே கற்றுக்கொள்ளலாம். மகனோ மருமகளோ வந்து நிற்க வேண்டிய சங்கடம் அதோடு தீரும். ஒரு தடவையில் அரை லிட்டருக்கு மேல் வந்தால் இடைவெளி நீண்டுவிட்டது என்று பொருள். ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரக ஸ்கேன் எடுங்கள். மலத்துக்கும் நேரம் பழக்கலாம். தினமும் ஒரே நேரத்தில், சாப்பிட்டு அரைமணிக்குள் உட்காரவைத்தால், சில வாரங்களில் குடல் அந்த நேரத்துக்குப் பழகும்.

அடி கழுத்திலோ மேல்முதுகிலோ பட்டவர்களுக்கு ஓர் அவசர எச்சரிக்கை. திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வேர்த்துக் கொட்டுவது, ரத்த அழுத்தம் ஏறுவது ஆகியவை சேர்ந்து வந்தால், உடனே உட்காரவையுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள், குழாய் மடிந்திருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சில நிமிடத்தில் அடங்காவிட்டால் 108ஐக் கூப்பிடுங்கள். பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்கும் தலைவலி இல்லை இது.

பனையிலோ தென்னையிலோ ஏறியவர் விழுந்துவிட்டால், ஆற்றில் குதித்தவர் பாறையில் தலை மோதிவிட்டால், கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்துக் கொண்டுபோவதை நிறுத்தியாக வேண்டும். பாதி அறுந்த தண்டுவடம் முழுதாய் அறுவது அந்த ஆட்டோவில்தான். தலை, கழுத்து, முதுகு ஒரே கோட்டில் இருக்கும்படி நாலு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் புரட்டிப் பலகையிலோ கதவிலோ ஏற்றுங்கள். ஆம்புலன்ஸ் வரும் என்றால், தொடாமல் காத்திருப்பதே மேல்.

பாசம் செய்யும் கெடுதல்

பக்கவாதம் வந்தவர் வீட்டில் நடப்பது வேறு. “ஆச்சி, நீங்க சும்மா இருங்க, நான் ஊட்டிவிடுதேன்” என்று பேத்தி சொல்வாள். அன்பு சந்தேகமில்லாதது. ஆனால் மூளை தன் சேதத்தைச் சுற்றிப் புதுப் பாதை போடுவது முயற்சியால், திரும்பத் திரும்பச் செய்வதால். முதல் மூன்று மாதங்களில் அது வேகமாக நடக்கும், பிறகு மெதுவாகும். அந்த மூன்று மாதமும் ஆச்சி சும்மா இருந்தால் இழப்பு பெரிது. சோறு சிந்தட்டும், நேரமாகட்டும், ஸ்பூனின் கைப்பிடியில் துணி சுற்றிப் பருமனாக்கிக் கொடுங்கள்.

அவசரப்பட்டு அதிகம் செய்வதும் கூடாது. ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகளிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வு, பக்கவாதம் வந்து 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி நிறைய நேரம் பயிற்சி கொடுத்தவர்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடச் சற்றுப் பின்தங்கினார்கள் என்று காட்டியது. நிலைமை சீரானதும் கொஞ்ச நேரமாக, நாளில் பல தடவையாகத் தொடங்குவதே முறை.

விழுந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள். தோள்மூட்டைத் தாங்கும் தசை தளர்ந்திருப்பதால் மூட்டு இறங்கிவிடும். அந்த வலி வந்தால் பயிற்சி மாதக்கணக்கில் தள்ளிப்போகும். உட்காரும்போது கைக்கு அடியில் தலையணை, எழுப்பும்போது இடுப்பில் பிடி. விழுங்கும் சோதனை செய்யாமல் வாயில் எதையும் ஊற்றவேண்டாம். தண்ணீர்தான் எளிதில் புரையேறும், கெட்டிக் கஞ்சியும் குழைத்த சாதமும் அதைவிடப் பாதுகாப்பு. சாப்பிட்ட பின் குரல் நனைந்ததுபோல் கரகரத்தால் உணவு நுரையீரல் பக்கம் போகிறது என்று சந்தேகியுங்கள். பேச்சு வராதவரிடம் குழந்தையிடம் பேசுவதுபோல் பேச வேண்டாம், பெரும்பாலும் அவருக்குப் புரிகிறது. காரணமில்லாமல் அழுதால், பயிற்சிக்கே வரமாட்டேன் என்றால், பிடிவாதம் என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு சாதாரணம், அதற்கும் மருந்து உண்டு.

வீட்டை அளந்து பாருங்கள்

நம் பக்கத்து வீடுகள் படியும் திண்ணையும் நிலைப்படியுமாகக் கட்டப்பட்டவை. சரிவுப்பாதைக்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: படி அரை அடி உயரம் என்றால் சரிவு ஆறு அடி நீளம். இடமில்லை என்று மூன்றடியில் முடித்தால் பின்னால் கவிழும். வாசற்கதவு 80 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். பழைய கக்கூஸ் கதவுகள் இந்த அகலம் இருப்பதில்லை. கதவை எடுத்துவிட்டுத் திரைச்சீலை போடுவது மலிவான வழி. இடுப்பெலும்பு அறுவை முடிந்தவர் குத்தவைத்து உட்காரக் கூடாது, கமோடு நாற்காலி வாங்கிய பிறகே வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.

கைத்தடி, பாதித்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்தில் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பாதித்த கால் முதலில்.

குற்றாலத்து எண்ணெயும் அருவியும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் அடிக்கும்போது, வாதம் வந்தவர்களை வேன் வைத்துக் குற்றாலத்துக்கு அழைத்து வரும் குடும்பங்கள் உண்டு. எண்ணெய் தேய்த்துப் பேரருவியில் நிற்கவைத்தால் நரம்பு திறக்கும் என்ற நம்பிக்கை. எண்ணெய்த் தடவலால் இறுக்கம் சற்றுத் தளரும், வலி குறையும், நல்ல தூக்கம் வரும். அறுந்த நரம்பும் இறந்த மூளைத் திசுவும் அதனால் திரும்புவதில்லை. இதமான விஷயம் என்ற அளவில் நான் அதற்கு எதிரி இல்லை.

ஆனால் சில நேரம் அது ஆபத்து. அசையாத காலில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அதைத் தேய்க்கவே கூடாது, கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிர் போகும். உணர்ச்சியற்ற காலில் சூடான எண்ணெயும் ஒத்தடமும் கொப்புளம் போட்ட பிறகுதான் தெரியவரும். இறுகிய மூட்டைப் பலவந்தமாக மடக்கி நீட்டுவது, முறிவு கூடாத எலும்பின் மேல் தேய்ப்பது இரண்டும் வேண்டாம்.

அருவியைப் பிசியோதெரபிக் குளத்தோடு குழப்பிக்கொள்கிறோம். அந்தக் குளத்தில் நீர் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 33 முதல் 35 டிகிரி. நீர் உடம்பைத் தாங்க, பலவீனமான கால் சுலபமாக அசையும். பேரருவியில் குளிர்ந்த நீர் மேலிருந்து அறைகிறது, அடியில் பாறை வழுக்குகிறது. பக்கவாதம் வந்து சில வாரங்களே ஆனவருக்குக் குளிர்நீர் ரத்த அழுத்தத்தை ஏற்றும். கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவரின் உடம்புக்குச் சூட்டைச் சமன்செய்யத் தெரியாது, நனைந்தால் நடுங்கிக்கொண்டே இருப்பார். அவருக்கு ஆசை இருந்தால் கூட்டமில்லாத காலையில் சக்கர நாற்காலியிலேயே அழைத்துப் போங்கள். சாரல் முகத்தில் படும் தூரம் போதும். மாற்றுத் துணியும் கம்பளியும் கையில் இருக்கட்டும். வெளியே வருவதே அன்றைக்குப் பயிற்சி.

யாரிடம் கேட்பது

2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் உண்டு. மாத்திரை வருவது எல்லோருக்கும் தெரிகிறது, பிசியோவைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள். பிசியோ வரும் நாளில் வீட்டில் ஒருவர் கூடவே இருந்து பார்த்துப் பழக வேண்டும். மற்ற நாட்களின் பயிற்சி உங்கள் கையில்.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு மாற்றுத்திறனாளி நல அலுவலகத்துக்காகத் திருநெல்வேலி கொக்கிரகுளம் வரை போக வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் பல உதவிகளுக்கு வழி திறக்கும். குறை நிலைபெற்ற பிறகே நிரந்தரச் சான்று தருவார்கள் என்பதால் அதுவரை சீட்டு, ஸ்கேன், பழைய ரசீது எதையும் தூக்கிப்போட வேண்டாம்.

சக்கர நாற்காலி வழங்கும் முகாமில் கொடுப்பதை அப்படியே வாங்கி ஏற்றிவிடாதீர்கள். அவரை அதில் உட்காரவைத்துப் பாருங்கள். இடுப்புக்கு இரு பக்கமும் விரல் நுழையும் இடைவெளிக்கு மேல் இருந்தால் ஒரு பக்கம் சாய்ந்து முதுகு வளையும், இடைவெளியே இல்லாவிட்டால் பக்கவாட்டில் புண் வரும். கால்பலகை உயரம் மாறுகிறதா, கட்டிலுக்கு மாறும்போது கைப்பிடியைக் கழற்ற முடிகிறதா, பிரேக் இரண்டு சக்கரத்திலும் பிடிக்கிறதா என்று பாருங்கள். மெத்தை தனியாகத் தருவார்களா என்று கேளுங்கள். வெறும் ரெக்சின் இருக்கையில் உணர்ச்சியற்ற ஒருவரை நாள் முழுக்க உட்காரவைக்க முடியாது. அளவு பொருந்தவில்லை என்றால் அங்கேயே சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோன நாற்காலியை மாற்றித் தரச் சொல்லி அலைவதைவிட, அன்று இன்னும் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பது எளிது.